சிறு விமான இன்ஜின் மவுண்டில் விரிசல் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்ஜினை விமான உடலோடு பிடித்துத் தாங்கும் கட்டமைப்புதான் இன்ஜின் மவுண்ட். அதைச் சோதிக்க வரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது கழுவும் திரவத்தையும் துணியையும்தான். சுத்தமாக இருந்தால்தானே விரிசல் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆனால் விரிசல் தன்னைக் காட்டிக்கொடுக்க வெளியே விட்டிருந்த ஒரே தடயம் பல நேரம் அந்த முதல் துடைப்பிலேயே போய்விடுகிறது. இந்த வேலையில் எதை எப்போது செய்கிறோம் என்ற வரிசைதான் முக்கியம். கீழே உள்ள படிகளைச் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள்.

இங்கே சொல்வது, எஃகுக் குழாய்களை வெல்டு செய்து கட்டிய மவுண்டைப் பற்றி. நான்கு அல்லது ஆறு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின் கொண்ட சிறு விமானங்களில் அதிகம் காண்பது இதுதான். 4130 என்ற குரோம்-மாலிப்டினம் எஃகில் செய்த மெல்லிய குழாய்கள் இவை. குழாய்ச் சுவரின் தடிமன் பெரும்பாலும் 0.9 மில்லிமீட்டருக்கும் 1.25 மில்லிமீட்டருக்கும் இடையில்தான் இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் "பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடுவது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் வேலை.

## 1. விரிசல் எங்கே பிறக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றில் இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 முறை. ஒரு மணி நேரத்தில் 2 லட்சத்து 88 ஆயிரம், 100 மணி நேரத்தில் 2 கோடியே 88 லட்சம். ஒவ்வொன்றும் சின்ன அடிதான். அதோடு தரையிறங்கும் அதிர்ச்சி, மேடுபள்ளமான ஓடுபாதை, மூக்கைத் திருப்பும்போது சுழலும் ப்ரொப்பெல்லர் தரும் எதிர்விசை எல்லாம் சேர்கின்றன. இத்தனையும் ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவர்) போய்ச் சேரும் ஒரே பாதை இந்தக் குழாய்கள்தான்.

குழாயின் நடுவில் விரிசல் பிறப்பது அபூர்வம். வடிவம் திடீரென்று மாறும் இடத்தில்தான் விசை குவியும். அதனால் தேட வேண்டியது இந்த இடங்களில்:

- வெல்டு முடிந்து குழாய் தொடங்கும் ஓரம். வெல்டின் சூடு பட்டு இங்கே உலோகத்தின் தன்மை மாறியிருக்கும், வடிவமும் இங்கேதான் திடீரென்று மாறுகிறது.
- மூன்று நான்கு குழாய்கள் கூடும் முடிச்சு, குறிப்பாகக் கையும் கண்ணும் எளிதில் எட்டாத உட்புறம்.
- முக்கோண வலுத்தகட்டின் கூர்முனை.
- இன்ஜினைத் தாங்கும் வளையமும் அதன் நான்கு கிண்ணங்களும்.
- ஃபயர்வாலில் போல்ட் போகும் பாதங்கள்.
- கம்பிகளையும் குழல்களையும் பிடிக்கக் கிளாம்ப் இறுக்கிய இடம். குழாயின் நடுவில் விரிசல் வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வரும், அதுவும் உராய்ந்து தேய்ந்த பள்ளத்தின் அடியில்.

அடுத்து, உங்கள் விமானத்தின் மூக்குச் சக்கரக் கால் எதில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். செஸ்னா 172இல் அது ஃபயர்வாலில் பிடித்திருக்கிறது. பைப்பர் பிஏ-28 வரிசையில் இன்ஜின் மவுண்டிலேயே பிடித்திருக்கிறது. இரண்டாவது வகையில் ஒவ்வொரு தரையிறக்கமும் மவுண்டைத் தாக்குகிறது. அங்கே கால் பிடிக்கும் முடிச்சுகளை முதலில் பாருங்கள், கடைசியிலும் இன்னொரு முறை பாருங்கள்.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதம், பிறகுதான் கருவி. விமானத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு, அந்த மாடலுக்கு வந்துள்ள சர்வீஸ் புல்லட்டின்கள், விமானப் போக்குவரத்து ஆணையம் பிறப்பித்த கட்டாய உத்தரவுகள் மூன்றையும் எடுத்து வையுங்கள். இதே மவுண்டில் மற்றவர்களுக்கு எந்த முடிச்சில் விரிசல் வந்தது என்பதை அவை படம் போட்டே காட்டும். அதைப் படிக்காமல் போனால் தேடலைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.

விமானத்தின் பதிவேடான லாக்புக்கையும் புரட்டுங்கள். கடினமான தரையிறக்கம், ப்ரொப்பெல்லர் தரையில் பட்டது, சிலிண்டர் மாற்றியது, மவுண்டில் முன்பு வெல்டிங் செய்தது, இவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வெல்டு ரிப்பேர் இருந்த இடம் புதிய விரிசலுக்கு மிகவும் பிடித்த இடம்.

கருவிகள்: ஒளியைக் குவித்துப் பாய்ச்சும் டார்ச், நீளக் காம்பில் திரும்பும் சிறு கண்ணாடி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கேமரா, நைலான் பிரஷ், பஞ்சு உதிராத துணி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், டை பெனட்ரன்ட் கிட் (விரிசலுக்குள் புகும் சாயமும், அதை வெளிக்காட்டும் வெள்ளை டெவலப்பரும்). போரோஸ்கோப் (குறுகிய இடத்துக்குள் நுழைத்துப் பார்க்கும் சிறு கேமரா) இருந்தால் நல்லது. ஆனால் அதன் திரையில் தெரிவதை வைத்து மட்டும் "விரிசல் இல்லை" என்று சொல்லாதீர்கள். கோணம் ஒத்துழைக்காவிட்டால் அது விரிசலைத் தாண்டிப் போய்விடும்.

மவுண்டின் படம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் எண் கொடுங்கள். விமானிக்கு இடது எது, வலது எது என்று படத்திலேயே எழுதுங்கள். நீங்கள் மூக்குக்கு எதிரே நின்று பார்ப்பதால் இடம் வலம் மாறித் தெரியும். "இடது மேல் முடிச்சில் விரிசல்" என்று குறிப்பில் எழுதி, வலது பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## 3. விமானத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள்

சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மாஸ்டர் (மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்ச்), மேக்னீட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் உண்டாக்கும் கருவி), எரிபொருள் மூன்றையும் நிறுத்தி, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள்.

சாவி எடுத்தாயிற்று என்று ப்ரொப்பெல்லரில் கை வைக்காதீர்கள். மேக்னீட்டோவை நிறுத்துவதே அதை உலோக உடலோடு இணைக்கும் (எர்த் செய்யும்) ஒரு கம்பிதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி கையில் இருந்தும் மேக்னீட்டோ உயிரோடு இருக்கும். ப்ரொப்பெல்லரை அசைக்க வேண்டிய வேலை இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், எல்லா பிளக் கம்பிகளையும் விலக்கிவையுங்கள்.

புகைக்குழாய் முழுவதும் ஆறும் வரை காத்திருந்து, இன்ஜினை மூடும் உறையான கௌலிங்கைக் கழற்றுங்கள். கழற்றும்போதே, ப்ரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடியான ஸ்பின்னருக்கும் கௌலிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் இன்ஜின் முன்புறம் தொங்குகிறது என்று அர்த்தம். கௌலிங் போன பிறகு இதைப் பார்க்க முடியாது.

## 4. கழுவும் முன் பாருங்கள்

இங்கே அரை மணி நேரமாவது செலவழியுங்கள். எதையும் துடைக்காதீர்கள். டார்ச்சும் கேமராவும் போதும்.

முதலில் தேட வேண்டியது செம்பழுப்பு நிறம். விரிசலின் இரண்டு விளிம்புகளும் ஒவ்வொரு அதிர்விலும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் உதிரும் நுண்ணிய இரும்புத்தூள் துருப்பிடித்து, வெல்டின் ஓரமாக மெல்லிய கோடாகக் கசியும். வெளிர் நிறப் பெயின்டில் அது தேநீர்க் கறைபோல் தெரியும். போல்ட் தலையைச் சுற்றி இதே நிறப் பொடி இருந்தால் அந்த போல்ட் இறுக்கமாக இல்லை, மவுண்டின் பாதம் அசைகிறது.

இரண்டாவது எண்ணெய். துரு பிடிக்காமலிருக்கச் சில மவுண்டுகளில் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி அடைத்திருப்பார்கள். குழாய்ச் சுவரைத் துளைத்துப் போன விரிசல் வழியே அது வெளியே வரும். வெல்டு ஓரத்தில் ஈரம் தெரிந்து, அதற்கு மேலே இன்ஜினில் கசிவு எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தை விடாதீர்கள்.

மூன்றாவது பெயின்ட். முடி போன்ற கோடு, உதிர்ந்த செதில், ஓரம் தூக்கிய பெயின்ட். பெயின்ட் மட்டும் வெடித்தும் இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்யும் நேரம் இது இல்லை. படம் எடுத்து, முடிச்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

ஒரு பயிற்சியாளரோடு வேலை செய்தபோது நடந்தது இது. நான் லாக்புக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மவுண்ட் முழுவதையும் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டார். துடைத்த துணியை விரித்துப் பார்த்தேன். கருப்பு எண்ணெய்க்கு நடுவே விரல் நீளத்துக்குச் செம்பழுப்புத் தீற்றல் ஒன்று இருந்தது. எந்த முடிச்சில் வந்தது என்று அவருக்கு நினைவில்லை. எல்லா முடிச்சுகளிலும் பெனட்ரன்ட் போட்டுத் தேட வேண்டியதாயிற்று. கடைசியில், கீழ் வலது பாதத்துக்கு மேலே இருந்த வலுத்தகட்டு முனையில் 6 மில்லிமீட்டர் விரிசல் கிடைத்தது. துடைக்காமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம்.

## 5. இப்போது சுத்தம் செய்யுங்கள்

மேக்னீட்டோ, ஆல்டர்னேட்டர், காற்று உள்ளிழுக்கும் வாய், ரப்பர் தாங்கிகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். கழுவும் திரவம் ரப்பரை ஊதவைக்கும், மின்கருவிக்குள் போனால் அதைக் கெடுக்கும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

கம்பி பிரஷ், எமரித்தாள், மணல் வீச்சு மூன்றும் கூடவே கூடாது. இவை உலோகத்தின் மேல்தோலை இழுத்து விரிசலின் வாயை மூடிவிடும். வெண்ணெயில் கத்தி தேய்த்தால் கீறல் மறைவதைப் போலத்தான். அதற்குப் பிறகு கண்ணுக்கும் தெரியாது, பெனட்ரன்டும் உள்ளே போகாது. விரிசல் மட்டும் அப்படியே இருக்கும்.

## 6. ஒவ்வொரு முடிச்சாகப் பாருங்கள்

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். நேரான வெளிச்சத்தில் விரிசல் கரைந்துபோகும். பரப்போடு 5 முதல் 45 டிகிரி சாய்வில், ஒளி உங்கள் பக்கமாக வரும்படி அடியுங்கள். அப்போது விரிசலின் விளிம்பு நிழல் கோடாக எழும். கோடு ஒன்று தெரிந்தால் அதற்குக் குறுக்கே ஒளியைத் திருப்புங்கள், எதுவரை போகிறது என்பது தெரியும். அப்புறம் லென்ஸ்.

ஒவ்வொரு வெல்டையும் முழு வட்டமாகச் சுற்றி வாருங்கள். பின்பக்கத்துக்குக் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள். புதியவர்கள் முன்பக்கத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தை விரலால் தடவி முடித்துவிடுகிறார்கள். இளம் விரிசல் விரலுக்குத் தட்டுப்படாது. பார்த்து முடித்த முடிச்சைப் படத்தில் உடனே டிக் செய்யுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.

கிளாம்ப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அடியில் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்த கிளாம்ப் குழாயை அரம்போல் அறுக்கும். முன்னால் சொன்ன எண் இங்கேதான் உதவும். சுவர் 0.9 மில்லிமீட்டர் என்றால், 0.2 மில்லிமீட்டர் பள்ளம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கண்ணுக்குச் சின்னக் கீறலாகத் தெரிவதை அளந்து, கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள்.

பவுடர் கோட்டிங் போட்ட மவுண்டில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அது தடிமனாகவும் இழுபடும் தன்மையோடும் இருப்பதால், அடியில் உலோகம் பிளந்தாலும் மேலே முழுசாக நிற்கக்கூடும்.

## 7. சுமையை மாற்றி மறுபடியும் பாருங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை. இன்ஜின் ஃபயர்வாலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அதனால் மேல் குழாய்கள் இழுபடுகின்றன, கீழ்க் குழாய்கள் அழுத்தப்படுகின்றன. இழுபடும் பக்கத்தில் விரிசல் வாய் திறந்திருக்கும். அழுத்தப்படும் பக்கத்தில் மூடிக்கொள்ளும், லென்ஸ் வைத்தாலும் தெரியாமல் போகலாம்.

இன்ஜினைத் தூக்குவதற்கென்று அதன் மேல் இருக்கும் வளையத்தில் ஹாய்ஸ்ட்டை மாட்டி, எடையை மட்டும் மெதுவாக வாங்குங்கள். விமானம் எழும்பக் கூடாது. இப்போது கீழ் முடிச்சுகளை மறுபடி பாருங்கள்.

மூக்குக் கால் மவுண்டில் பிடித்திருக்கும் விமானத்தில், சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரு முறையும், கையேடு சொல்லும் முறையில் மூக்கைத் தூக்கி ஒரு முறையும் பாருங்கள். இரண்டு நிலையிலும் குழாய்களின் சுமை வேறு.

## 8. ரப்பர் தாங்கி, போல்ட், ஃபயர்வால்

ரப்பர் தாங்கிகளில் வெடிப்பு, எண்ணெயில் ஊறிய மென்மை, நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் நசுங்கி உலோகம் உலோகத்தைத் தொட்டால் அதிர்வு முழுவதும் நேராகக் குழாய்க்குப் போகும். அந்த மவுண்டில் இன்று விரிசல் இல்லாவிட்டாலும் வரப்போகிறது.

போல்ட்களில், இறுக்கிய பிறகு போடும் டார்க் குறிப்புக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த போல்ட்டை இறுக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஏன் தளர்ந்தது, எவ்வளவு நாள் தளர்ந்து ஓடியது, துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இன்ஜின் தாங்கலின்றித் தொங்கும்போது ஃபயர்வால் போல்ட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

ஃபயர்வாலின் இரண்டு பக்கமும் பாருங்கள். பாதத்தைச் சுற்றித் தகட்டில் சுருக்கமோ தளர்ந்த ரிவெட்டோ இருந்தால், அடி வாங்கியது மவுண்ட் மட்டும் இல்லை.

## 9. சந்தேகக் கோடு விரிசல்தானா?

முதலில் அந்த இடத்தின் பெயின்டை ரசாயன நீக்கியால் எடுங்கள். அமிலம் கலந்த நீக்கி வேண்டாம். கோட்டின் இரு முனைகளுக்கும் அப்பால் சில சென்டிமீட்டர் வரை எடுங்கள், ஏனென்றால் விரிசல் பெயின்டில் தெரிவதைவிட நீளமாக ஓடியிருக்கும். லென்ஸில் பார்க்கும்போது கீறலுக்கு அடிமட்டம் தெரியும், ஒளி அங்கே மினுங்கும். விரிசலுக்கு அடி தெரியாது, கருப்பாகவே இருக்கும்.

அடுத்து டை பெனட்ரன்ட். அதன் வரிசை இப்படி:

1. கிளீனரால் துடைத்து முழுவதும் காயவிடுங்கள். விரிசலுக்குள் எண்ணெயோ கிளீனரோ நிறைந்திருந்தால் சாயத்துக்கு இடம் இருக்காது.
2. சாயத்தைப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். குளிர்ந்த உலோகத்தில் சாயம் மெதுவாகத்தான் உள்ளே போகும்.
3. மேலே உள்ள சாயத்தை முதலில் உலர் துணியாலும், பிறகு கிளீனரால் லேசாக நனைத்த துணியாலும் எடுங்கள். கிளீனரை நேராகப் பீய்ச்சாதீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பீய்ச்சினால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும், டெவலப்பர் வெள்ளையாகவே நிற்கும், நீங்களும் நிம்மதியாகக் கௌலிங்கை மூடிவிடுவீர்கள்.
4. டெவலப்பரை மெல்லிய படலமாக அடியுங்கள். உடனே பார்க்கத் தொடங்கி, சொன்ன நேரம் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். கூர்மையான சிவப்புக் கோடு எழுந்தால் விரிசல். வெல்டின் கரடுமுரடில் பரவலாகத் தெரியும் இளஞ்சிவப்பு, சரியாகத் துடைக்காததன் விளைவாக இருக்கலாம். அப்படியென்றால் முதலிலிருந்து செய்யுங்கள்.

## 10. இன்ஜின் இறங்கும் நாளைத் தவறவிடாதீர்கள்

ஓவர்ஹாலுக்காக (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க) இன்ஜின் வெளியே போகும்போது மவுண்டையும் கழற்றி, பெயின்டை முழுவதும் எடுத்து, மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தத் துகள்) சோதனைக்கு அனுப்புங்கள். எஃகில் நுண் விரிசலைக் கண்டுபிடிக்கப் பெனட்ரன்டைவிட இது நம்பகமானது. பரப்புக்குச் சற்று அடியில் இருப்பதையும் காட்டும்.

காந்தப்புலம் விரிசலைக் குறுக்கே வெட்டினால்தான் துகள்கள் அங்கே கூடும். புலமும் விரிசலும் ஒரே திசையில் ஓடினால் எதுவும் தெரியாது. எனவே ஒவ்வொரு முடிச்சையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் காந்தமாக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். முடிந்ததும் காந்தத்தை நீக்கினார்களா என்பதையும் கேளுங்கள். நீக்காவிட்டால் காம்பஸ் தவறு காட்டக்கூடும், இரும்புத்தூளும் ஒட்டும்.

இன்னொன்று. மூக்குச் சக்கர விமானத்திலிருந்து இன்ஜினை எடுத்தால் எடை பின்னால் போய் வால் தரையில் இடிக்கும். இன்ஜினைக் கழற்றும் முன்பே வாலுக்குத் தாங்கு வையுங்கள்.

## 11. விரிசல் உறுதியானால்

விமானம் பறக்கக் கூடாது. "சின்னதுதானே, வளர்கிறதா என்று அடுத்த பரிசோதனையில் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. விரிசல் ஒரே வேகத்தில் வளராது. நீளம் கூடக்கூட வேகமும் கூடும். ஒரு குழாய் விட்டால் அதன் சுமை பக்கத்துக் குழாய்களில் ஏறும்.

தகட்டில் செய்வதுபோல் விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். விமானத்தில் இருந்தபடியே வெல்டும் வைக்காதீர்கள். மவுண்டைச் சட்டத்தில் பூட்டாமல் வெல்டு செய்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், இன்ஜினின் திசையே மாறிவிடும். கழற்றி, இந்த வேலைக்கு அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு அனுப்புங்கள், அல்லது மாற்றுங்கள்.

அனுப்பிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ப்ரொப்பெல்லர் சமநிலை, ரப்பர் தாங்கி, தளர்ந்த போல்ட், லாக்புக்கில் எழுதாமல் விட்ட கடினமான தரையிறக்கம். காரணத்தை விட்டுவிட்டால் புதிய மவுண்டும் அதே முடிச்சில் விரிசல் விடும்.

## 12. பதிவும் மறுபார்வையும்

எந்த முடிச்சு, வெல்டின் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எந்த முறையில் பார்த்தது என்று எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். விரிசல் இல்லையென்றாலும் எழுதுங்கள். "மவுண்ட் பார்த்தது, சரி" என்று ஒரு வரி எழுதினால் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. "முடிச்சு 7இல் பெயின்ட் வெடிப்பு, பெனட்ரன்ட் போட்டது, விரிசல் இல்லை, பெயின்ட் அடித்தது" என்று எழுதினால் அவர் நேராக அங்கேதான் போவார்.

திரும்பப் பெயின்ட் அடிக்கும்போது வெளிர் நிறத்தில், மெல்லியதாக அடியுங்கள். அடுத்த 100 மணி நேரப் பரிசோதனை வரை காத்திருக்காமல், ரிப்பேர் செய்த அல்லது மாற்றிய மவுண்டை முதல் 10 மணி நேரப் பறப்புக்குப் பிறகு நான் திறந்து பார்ப்பேன். கௌலிங்கைக் கழற்றி, துணியைத் தொடாமல், டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு.